மூளைப் புறணிக் குறைபாட்டு வலிப்பு

கருவில் மூளை உருவாகையில் நேரும் பிழையால், பெரும்பாலும் சிறுவயதிலேயே தொடங்கும் வலிப்பு. வலிப்பு நோய்க்குப் பொதுவாக ஊர்வழக்கில் காக்காய் வலிப்பு என்று பெயர், பழந்தமிழில் முயலகன். நடராசர் காலடியில் கிடக்கும் குறள் உருவுக்கும் அதே பெயர்தான்.

மழவர் தலைவன் கொல்லி மழவன் தன் மகளைப் பீடித்த முயலகன் நோய் தீராமல், அவளைத் திருப்பாச்சிலாச்சிராமம் (இன்றைய திருவாசி) கோயிலில் கிடத்தியிருந்தான். திருஞானசம்பந்தர் பதிகம் பாட அவள் எழுந்தாள் என்கிறது பெரியபுராணம். தகடூர் எனப்பட்ட தருமபுரியை ஆண்ட அதியமானும் மழவர் தலைவனே என்பதால், இந்நோயின் பழைய கதை அம்மாவட்டத்தாருக்கு அயலூர்க் கதையன்று.

நரம்புச் செல்கள் மூளையின் உள்ளறை ஓரத்தில் பிறந்து, வெளிப்புறம் நோக்கி நகர்ந்து, புறணி எனும் வெளியடுக்கில் அடுக்கடுக்காக அமைகின்றன. பார்கோவிச் என்ற ஆய்வாளர் 1996இல் தந்த வகைப்பாடு இம்மூன்று படிகளையே பின்பற்றுகிறது. செல்களின் பிறப்பிலேயே கோளாறு என்றால் மூளையின் ஒரு பாதி பெருத்துவிடும். நகர்வு தடைப்பட்டால் மடிப்பற்ற மூளை, அல்லது வழியிலேயே தங்கிய செல்முடிச்சுகள். அமைவு பிசகினால் நுண்மடிப்புகள் மலியும். மருத்துவர் அதிகம் பேசுவது குவியப் புறணிக் குறைபாடு: 1971இல் லண்டனில் டெய்லர், ஃபால்கனர் குழுவினர் அறுவையில் எடுத்த திசுக்களைக் கொண்டு விவரித்தது. 2011இல் இது மூன்று வகையாக்கப்பட்டது; இரண்டாம் வகையின் ஒரு பிரிவில் ஊதிய பலூன் செல்கள் காணப்படும். சி.டி. ஸ்கேனில் இது பெரும்பாலும் தப்பிவிடும், எம்.ஆர்.ஐ.யில் புறணி தடித்து, சாம்பல்-வெள்ளை எல்லை மங்கித் தெரியும்.

சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்பது ஊரார் பேச்சு. குவியப் புறணிக் குறைபாட்டுக்கு அது பொதுவாகப் பொருந்தாது. கரு வளர்கையில் சில செல்களில் மட்டும் நேரும் மரபணு மாற்றமே பல நேரங்களில் காரணம். கையில் இரும்புச் சாவி திணிப்பதும் அப்படித்தான்: பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமிடத்தில் தானே அடங்கும், பெயர் சாவிக்குப் போகும். செய்யவேண்டியது ஒருக்களித்துப் படுக்கவைப்பது. ஐந்து நிமிடம் தாண்டினால் மருத்துவமனை.

தகுந்த மருந்துகள் இரண்டு பலிக்காவிட்டால் அறுவையைப் பரிசீலிப்பர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1949இல் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் 1995 முதல் வலிப்பு அறுவைத் திட்டம் நடக்கிறது.

 சட்டமும் மாறியிருக்கிறது: வலிப்பைத் திருமணத் தடையாகக் குறித்த சொல் இந்து திருமணச் சட்டத்திலிருந்து 1999இல் நீக்கப்பட்டுவிட்டது.