கோபுரத்தில் இருந்த தளபதி
மலாயாப் போர் – ஜொகூர் அத்தியாயம்

மூவார் ஆற்றங்கரைப் போரைச் சென்ற வாரம் பார்த்தோம். அதன்பின் எல்லாம் வேகமாக முடிந்துவிட்டது. 1942 ஜனவரி 31ஆம் தேதி காலை கடைசிப் பிரிட்டிஷ் படையும் கடற்பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்குள் போனது. பின்னாலேயே பாலத்தை வெடிவைத்துப் பிளந்தார்கள். ஜொகூர் முழுவதும் ஜப்பானின் 25ஆவது படை வசமானது. அதன் தளபதி லெப்டினன்ட் ஜெனரல் தொமொயுக்கி யமாஷிதா.

அடுத்த இரண்டு வாரங்களில் யமாஷிதா என்ன செய்தார், எப்படி முடிவெடுத்தார் என்பதைப் பக்கத்திலிருந்தே பார்த்து எழுதியவர் ஒருவர் உண்டு. அவர் கர்னல் மசனோபு சுஜி, 25ஆவது படையின் போர்த்திட்டங்களை வகுத்த அதிகாரி. போருக்குப் பின் அவர் எழுதிய நூல் 1960இல் ஆங்கிலத்தில் வந்தபோது அதற்கு முன்னுரை எழுதியவர் யார் தெரியுமா? ஜொகூரில் இதே படையை எதிர்த்து நின்ற ஆஸ்திரேலியத் தளபதி கார்டன் பென்னட்!

ஜொகூர் பாருவில், சிங்கப்பூரைப் பிரிக்கும் நீரிணையைப் பார்த்தபடி குன்றின்மேல் நிற்கிறது புக்கிட் சிரீன் அரண்மனை. சுல்தான் இப்ராகிம் 1930களில் கட்டியது. அதன் உயரமான கோபுரத்தின் உச்சியில், கண்ணாடிச் சன்னல்கள் வைத்த ஒரு சிறிய அறை. அங்கிருந்து பார்த்தால் நீரிணையும் எதிர்க்கரையும் கண்முன் விரியும். யமாஷிதா தன் தலைமையிடமாகத் தேர்ந்தெடுத்தது இந்த இடத்தைத்தான்.

அதிகாரிகள் தயங்கினார்கள். எதிரியின் பீரங்கிக்கு இதைவிடச் சுலபமான குறி வேறில்லை. யமாஷிதாவின் கணக்கு வேறு. சுல்தானின் அரண்மனைமீது பிரிட்டிஷ்காரர்கள் குண்டு போட மாட்டார்கள், இவ்வளவு வெட்டவெளியில் ஒரு தளபதி வந்து உட்காருவான் என்று நினைக்கவும் மாட்டார்கள் என்றார். அவர் கணக்குத் தப்பவில்லை. கோபுரத்தில் நடமாட்டத்தைக் கண்ட ஆஸ்திரேலியப் பீரங்கிப்படையினர் சுட அனுமதி கேட்டதாகவும், சுல்தானுடன் நட்புப் பாராட்டிய பென்னட் அதைத் தரவில்லை என்றும் சொல்வார்கள்.

தாக்குதல் கட்டளையை யமாஷிதா தன் தளபதிகளுக்கு வாசித்தது ஸ்கூடாய் ரப்பர் தோட்டத்தில். ஜப்பானிய மாமன்னர் அனுப்பிய அரிசி மதுவைத் தண்ணீர்க் குடுவை மூடிகளில் ஊற்றிக் குடித்துவிட்டு அவரவர் படைக்குத் திரும்பினார்கள் என்று சுஜி எழுதுகிறார்.

அந்தத் தோட்டங்களில் பால்மரம் சீவியவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள். படகுகள் வருவதும் துருப்புகள் குவிவதும் வெளியே தெரியக்கூடாது என்று, நீரிணையை ஒட்டிய சுமார் 20 கிலோமீட்டர் பகுதியிலிருந்து குடிமக்களை ஜப்பானியர் அப்புறப்படுத்தினார்கள். தளபதியின் அலுவலகத்துக்கு அது ரகசியம் காக்கும் ஏற்பாடு. தோட்டத்து மக்களுக்கோ, கையில் அகப்பட்டதை மூட்டை கட்டிக்கொண்டு பிள்ளை குட்டிகளுடன் உள்நாட்டுக்கு நடந்த நாள்கள்.

ஏமாற்று வேலையும் கச்சிதமாக நடந்தது. கிழக்கே பெரும்படை திரள்வதுபோல் காட்டினார்கள். பிப்ரவரி 7ஆம் தேதி இரவு ஜப்பானியக் காவற்படை டிவிஷனின் ஒரு பகுதி அங்கே உபின் தீவில் இறங்கியது. தாக்குதல் வடகிழக்கில்தான் வரும் என்று பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் முன்பே நம்பியிருந்தார். அந்த நம்பிக்கை இப்போது உறுதியானது. மறுநாள் இரவு 5ஆவது, 18ஆவது டிவிஷன்களின் முதல் அலையில் சுமார் 4,000 பேர் வடமேற்கே சரிம்பூன் கரையில் இறங்கினார்கள். படை கரையேறியதற்கான ஒளிச் சமிக்ஞைகளைக் கோபுரத்திலிருந்தே பார்த்தார்கள். 9ஆம் தேதி இரவே யமாஷிதாவும் நீரிணையைக் கடந்துவிட்டார். படை முன்னேறினால் தலைமையிடமும் கூடவே முன்னேற வேண்டும் என்பது அவர் வழக்கம்.

15ஆம் தேதி சிங்கப்பூர் சரணடைந்தது. தன்னிடம் இருந்தது 30,000 பேர், எதிரியோ மும்மடங்குக்கு மேல், குண்டுகளும் தீர்ந்துகொண்டிருந்தன, அத்தனையும் மிரட்டல்தான் என்று பின்னர் யமாஷிதாவே ஒப்புக்கொண்டார்.

இதுவரை பார்த்தது போர்த்திறம். இனி மறுபக்கத்துக்கு வருவோம்.

காவற்படை டிவிஷனின் தளபதி தக்குமா நிஷிமுரா தொடக்கத்திலிருந்தே யமாஷிதாவுக்கு அடங்காதவர். கிராஞ்சியில் நீரிணையைக் கடக்கும்போது தண்ணீர்மேல் எரிந்த எண்ணெயில் தன் படை அழிந்துவிட்டதாகச் செய்தி அனுப்பினார். விசாரித்தால் அப்படி ஒன்றும் இல்லை. யமாஷிதா கொதித்துப்போய், காவற்படை இல்லாமலே சிங்கப்பூரைப் பிடிக்கிறேன் என்று சொல்லியனுப்பினார்.

யமாஷிதாவைப் புகழ்ந்து எழுதிய சுஜி மட்டும் அடக்கமானவரா? ஜனவரித் தொடக்கத்தில் காம்பார் போர்முனையிலிருந்து திரும்பியவர், தன் யோசனையை ஏற்கவில்லை என்று பதவி விலகப்போவதாக முரண்டு பிடித்தார். இந்த ஆள் தன்னிச்சையானவர், சூழ்ச்சிக்காரர், எச்சரிக்கையாகக் கையாள வேண்டும் என்று யமாஷிதா தன் நாட்குறிப்பில் குறித்துவைத்தார். குறித்ததோடு சரி, அவரைப் பதவியிலிருந்து நீக்கவில்லை.

விலை கொடுத்தவர்கள் மற்றவர்கள். ஜனவரி 22ஆம் தேதி பாரிட் சூலோங்கில், பின்வாங்க முடியாமல் விட்டுச் செல்லப்பட்ட ஆஸ்திரேலிய, இந்தியக் காயமுற்ற வீரர்கள் சுமார் 150 பேரை நிஷிமுராவின் படையினர் கொன்று எரித்தார்கள். சிங்கப்பூர் விழுந்தபின் சீனர்களை வரிசையில் நிறுத்திப் பொறுக்கியெடுத்துக் கொன்ற சூக் சிங் கொடுமையின் சூத்திரதாரி சுஜி என்பதே வரலாற்றாசிரியர்கள் பலரின் முடிவு. செத்தவர்கள் 5,000 என்கிறது ஒரு கணக்கு, 50,000 என்கிறது இன்னொன்று. ஜொகூரிலும் அந்தக் கொலைகள் தொடர்ந்தன.

பின்னாளில் மணிலாவில் தன் கீழிருந்த படைகளைக் கட்டுப்படுத்தத் தவறியதற்காக யமாஷிதா 1946 பிப்ரவரி 23ஆம் தேதி தூக்கிலிடப்பட்டார். பாரிட் சூலோங் படுகொலைக்காக நிஷிமுரா 1951இல் மானுஸ் தீவில் தூக்கிலேறினார். சுஜியோ விசாரணைக்குச் சிக்காமல் தலைமறைவாக இருந்து, திரும்பி வந்து, நூல் எழுதி, ஜப்பான் நாடாளுமன்ற உறுப்பினராகவும் ஆனார். 1961இல் லாவோசில் காணாமல் போனார்.

ஆகவே, ஒரு தளபதியை அவர் அலுவலகத்து ஆள் எழுதியதை மட்டும் வைத்து எடைபோடக் கூடாது. எழுதுகிறவன் தன் கையையும் கழுவிக்கொண்டுதான் எழுதுவான். எதிரியின் மனத்தை அவ்வளவு துல்லியமாகப் படித்த யமாஷிதா, யாரென்று தெரிந்துகொண்டே நிஷிமுராவையும் சுஜியையும் அடக்காமல் விட்டார். போரை வென்ற திறமைக்கு அவருக்குப் பேர் உண்டு. தன் ஆள்களை அடக்காத குற்றத்துக்கும் அவரே பொறுப்பு. தளபதியாக இருப்பதென்றால் இரண்டும் சேர்ந்ததுதான்.