நடுத்தமிழகத்தின் வான்போக்குவரத்து

நடுத்தமிழகத்தின் வான்போக்குவரத்து என்பது திருச்சிராப்பள்ளி பன்னாட்டு விமான நிலையத்தை மையமாகக் கொண்டு அரியலூர், பெரம்பலூர், தஞ்சாவூர், திருவாரூர், புதுக்கோட்டை முதலிய மாவட்டங்களுக்குக் கிடைக்கும் விமானச் சேவைகளைக் குறிக்கும். சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகள், இலங்கை ஆகியவற்றுக்குச் செல்லும் தொழிலாளர்களே இதன் முதுகெலும்பு. இந்திய விமானத் துறை வேகமாக விரிவடைந்துவரும் இக்காலத்தில், அவ்வளர்ச்சி உள்மாவட்டங்களை எட்டுமா என்பதை அறிய இப்பகுதி நல்ல சான்றாகும்.

அமைவிடம்

அரியலூர் மாவட்டத்தில், விருத்தாசலத்திலிருந்து ஜெயங்கொண்டம் செல்லும் சாலையில் அமைந்த ஆண்டிமடத்தை இப்பகுதிக்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அது முந்திரி விளையும் செம்மண் வட்டாரம். அரியலூர், பெரம்பலூர் ஆகிய இரு மாவட்டங்களிலும் விமான நிலையம் இல்லை. வெளிநாட்டு வேலைக்குப் புறப்படும் ஆண்டிமடத்துக்காரர் ஜெயங்கொண்டம், கீழப்பழுவூர் வழியாக நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து திருச்சியை அடைய வேண்டும். அங்கு உரிய விமானமோ கட்டுப்படியாகும் கட்டணமோ இல்லையென்றால் சென்னைதான் வழி. அது இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால். பயணச்சீட்டுச் செலவோடு வேன் வாடகை, வழியனுப்ப வரும் உறவினரின் சாப்பாடு, இழக்கும் ஒருநாள் கூலி ஆகியவற்றையும் சேர்த்தே அவர் குடும்பம் கணக்குப் பார்க்கிறது.

வரலாறு

1932 அக்டோபர் 15 அன்று ஜே. ஆர். டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் விமானம் ஓட்டிச் சென்றார். அந்த அஞ்சலை நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுசென்றார். இந்திய விமானப் போக்குவரத்தின் முதல் வழித்தடங்களுள் ஒன்று இவ்வாறு தமிழகத்தில் முடிந்தது. 1938இல் இச்சேவை கொழும்புவரை நீட்டிக்கப்பட்டபோது திருச்சி இடைநிறுத்தமாயிற்று.

1953இல் விமான நிறுவனங்கள் நாட்டுடைமையாயின. 1981இல் தொடங்கிய வாயுதூத் என்ற அரசு நிறுவனம் சிறு விமானங்களைக் கொண்டு சிற்றூர்களை இணைக்க முயன்றது. நெய்வேலி, தஞ்சாவூர் ஆகியவையும் அதன் வழித்தடங்களில் இடம்பெற்றன. நட்டம் பெருகியதால் 1993இல் அது இந்தியன் ஏர்லைன்ஸுடன் சேர்க்கப்பட்டது. உள்மாவட்டங்களுக்கு விமானம் விடும் எண்ணம் புதிதன்று என்பதையும், தொடர்ந்து நிதி கிடைக்காவிட்டால் அது நிலைக்காது என்பதையும் வாயுதூத்தின் கதை காட்டுகிறது.

திருச்சிராப்பள்ளி விமான நிலையம்

இந்நிலையம் 2012 அக்டோபரில் பன்னாட்டுத் தகுதி பெற்றது. ரூ.1,100 கோடிக்கு மேற்பட்ட செலவில் கட்டப்பட்ட புதிய முனையம் 2024 சனவரி 2 அன்று திறந்துவைக்கப்பட்டு, அதே ஆண்டு சூன் மாதம் பயன்பாட்டுக்கு வந்தது. ஆண்டுக்கு 44 லட்சத்துக்கும் அதிகமான பயணிகளைக் கையாளும் அளவுக்கு அது வடிவமைக்கப்பட்டுள்ளது. கோலங்களும் திருவரங்கம் கோயிலின் வண்ணங்களும் அதன் முகப்பையும் உட்புறத்தையும் அணிசெய்கின்றன. 2025 மார்ச் மாதம் யாழ்ப்பாணத்துக்கும் நேரடிச் சேவை தொடங்கியது.

வான்வழி உரிமைகள்

முனையம் பெரிதானால் விமானங்களும் தாமாகப் பெருகும் என்று சொல்ல முடியாது. ஒரு நாட்டின் விமான நிறுவனம் மற்றொரு நாட்டின் எந்த நகரில் இறங்கலாம், வாரத்துக்கு எத்தனை இருக்கைகளை விற்கலாம் என்பவற்றை இருதரப்பு வான்சேவை ஒப்பந்தங்களே முடிவுசெய்கின்றன. தென்கிழக்காசிய நாடுகளின் நிறுவனங்கள் வரம்பின்றி வந்துபோகலாம் என இந்தியா அறிவித்த 18 சுற்றுலா நகரங்களில் திருச்சியும் ஒன்று. சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் இங்கிருந்து சேவைகள் செழித்ததற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

வளைகுடா நாடுகளுடனான ஒப்பந்தங்களில் இந்தச் சலுகை இல்லை. துபாய், தோகா நகரங்களின் பெரிய நிறுவனங்கள் திருச்சியில் இறங்க வேண்டுமானால் ஒப்பந்தத்தில் இவ்வூரின் பெயர் இடம்பெற வேண்டும். ஆகவே அத்திசையில் இந்திய நிறுவனங்களே விமானம் இயக்குகின்றன. போட்டி குறைந்த வழித்தடத்தில் விடுமுறைக் காலக் கட்டணம் ஏறும்போது அதன் சுமை முழுவதும் தொழிலாளியின் சம்பளத்தில் விழுகிறது. இந்திய நிறுவனங்கள் வளர இடம் வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் அப்பாதுகாப்புக்கு விலை கொடுப்பவர் யார் என்ற கேள்வியைத் தள்ளிவைக்கலாகாது.

ஓடுதளம்

நிலையத்தின் ஓடுதளம் ஏறத்தாழ 2,480 மீட்டர் நீளமுடையது. ஏர்பஸ் 320, போயிங் 737 வகை விமானங்களுக்கு இது போதும். தொலைதூரம் செல்லும் அகன்ற உடல் விமானம் முழு எரிபொருளும் முழுச் சரக்கும் ஏற்றினால் கூடுதல் நீளம் தேவைப்படும். திருச்சியின் கோடை வெயில் சிக்கலை மேலும் கூட்டுகிறது. வெப்பத்தால் காற்று அடர்த்தி குறைய, இறக்கைக்குக் கிடைக்கும் தூக்குவிசையும் எஞ்சினின் உந்துவிசையும் குறைகின்றன. விமானம் அதிக தூரம் ஓடித்தான் மேலெழ முடியும். ஓடுதளம் போதாதபோது எடையைக் குறைப்பதே வழி. அப்போது முதலில் தரையில் நிற்பது சரக்கு, காய்கறியும் பூவும் உட்பட.

ஓடுதளத்தை நீட்டிக்கும் திட்டம் நெடுங்காலமாகப் பேசப்பட்டும் நிலம் எடுக்கும் பணி மெல்லவே நகர்ந்தது. நிலம் என்பது இவ்வட்டாரத்தாருக்கு வெறும் பரப்பளவன்று. ஜெயங்கொண்டம் பழுப்பு நிலக்கரித் திட்டத்துக்காக 1990களில் எடுக்கப்பட்ட நிலங்கள், அத்திட்டம் வராமலே, இருபது ஆண்டுகளுக்கு மேல் உழவர்களை வழக்கிலும் காத்திருப்பிலும் வைத்தன. சென்னையின் இரண்டாம் விமான நிலையத்துக்குப் பரந்தூர் தேர்வானதை எதிர்த்து அங்குள்ள ஏகனாபுரம் மக்கள் 2022 முதல் போராடிவருகின்றனர். நிலம் கொடுப்பவருக்கு உரிய விலையும் மாற்று வாழ்வும் முன்கூட்டியே உறுதியாகாத எந்த விரிவாக்கமும் நியாயமானதாகாது.

நெய்வேலியும் உடான் திட்டமும்

ஆண்டிமடத்துக்கு மிக அருகிலுள்ள ஓடுதளம் நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தின் சிறிய விமானத் தளமாகும். 2016இல் ஒன்றிய அரசு அறிவித்த உடான் திட்டத்தின் முதல் சுற்றில் சேலத்தோடு நெய்வேலியும் தேர்வாயிற்று. ஏறத்தாழ ஒரு மணிநேரப் பயணத்துக்கு ரூ.2,500 எனக் குறிப்பிட்ட இருக்கைகளுக்கு வரம்பு விதித்து, நிறுவனத்தின் இழப்பை மூன்றாண்டுகளுக்கு நிதி கொடுத்து ஈடுசெய்வதே அப்போதைய திட்டம்.

சேலத்தில் 2018 மார்ச் மாதம் சேவை தொடங்கி, 2021இல் நின்று, 2023 அக்டோபரில் மீண்டும் வந்தது. நெய்வேலியில் ஓடுதளமும் கட்டடமும் சீர்செய்யப்பட்டும் உரிமம், விமானம், நிறுவனம் ஆகிய மூன்றும் ஒருசேர அமையாமல் சேவை தள்ளிப்போனது. இத்தகைய தளங்களுக்கு ஏற்றவை 19 இருக்கைகளுக்கு மேற்படாத விமானங்கள். இந்திய நிறுவனங்களிடம் அவை மிகக் குறைவு. இந்தியாவில் தயாரான 17 இருக்கை டார்னியர் 228 விமானம் 2022 ஏப்ரலில் அசாம்–அருணாசலத் தடத்தில் பயணிகள் சேவையில் இறங்கியது. 2025 ஒன்றிய வரவுசெலவுத் திட்டம் பத்தாண்டுகளில் 120 புதிய இடங்களை இணைப்பதாக அறிவித்தது. நெய்வேலி போன்ற தளங்களின் விதி இவ்வறிவிப்பு நிறைவேறுவதைப் பொறுத்திருக்கிறது.

நாடு தழுவிய நிலை

உள்நாட்டு வான்பயணத்தில் இந்தியா உலகின் மூன்றாவது பெரிய சந்தை. 2024இல் 16 கோடிக்கு மேற்பட்டோர் உள்நாட்டு விமானங்களில் பயணம் செய்தனர். 2023இல் ஏர் இந்தியா 470 விமானங்களையும் இண்டிகோ 500 விமானங்களையும் வாங்க ஒப்பந்தம் செய்தன. மறுபுறம் கிங்ஃபிஷர் (2012), ஜெட் ஏர்வேஸ் (2019), கோ ஃபர்ஸ்ட் (2023) ஆகியவை முடங்கின. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட பாரமவுண்ட் ஏர்வேஸ் 2005இல் பறக்கத் தொடங்கி ஐந்தாண்டுகளில் நின்றது. எரிபொருளுக்கே செலவில் பெரும்பங்கு போவதும், அது சரக்கு சேவை வரிக்கு வெளியே இருப்பதால் மாநிலத்துக்கு மாநிலம் வரி மாறுவதும், குத்தகை வாடகையை டாலரில் கட்ட வேண்டியிருப்பதும் இந்நிறுவனங்களை வாட்டுகின்றன.

பாதுகாப்பும் ஆள்பலமும் அடுத்த சோதனைகள். 2024 அக்டோபர் 11 அன்று திருச்சியிலிருந்து 141 பேருடன் சார்ஜாவுக்குப் புறப்பட்ட விமானத்தின் ஹைட்ராலிக் அமைப்பு பழுதானது. போயிங் 737இல் எரிபொருளை வானிலேயே கொட்ட வசதி கிடையாது. எனவே எடை குறையும்வரை இரண்டு மணிநேரத்துக்கு மேல் வட்டமிட்டுப் பத்திரமாகத் தரையிறக்கினர். 2025 சூன் 12 அன்று அகமதாபாத்தில் நேர்ந்த விபத்தில் விமானத்திலிருந்த 242 பேரில் ஒருவர் மட்டுமே பிழைத்தார். அதே ஆண்டு திசம்பரில், விமானிகளின் பணிநேர விதிகள் கடுமையானபோது போதிய விமானிகள் இல்லாமல் இண்டிகோவின் விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாயின. உள்நாட்டுச் சந்தையில் பாதிக்கு மேல் ஒரே நிறுவனத்தின் கையில் இருப்பதன் ஆபத்தை நாடு அன்று உணர்ந்தது.

எதிர்காலம்

2021இல் வெளியான தேசியப் பணமாக்கல் திட்டத்தில் தனியாரிடம் ஒப்படைக்கக் குறித்த 25 விமான நிலையங்களுள் திருச்சியும் உண்டு. அது நிகழ்ந்தால் பயணிகளிடம் பெறும் கட்டணம் உயராமல் காப்பது ஒழுங்குமுறை ஆணையத்தின் பொறுப்பாகும். ஓசூரில் ஆண்டுக்கு மூன்று கோடிப் பயணிகளுக்கான நிலையம் அமைக்கும் திட்டத்தை 2024 சூன் மாதம் தமிழக அரசு அறிவித்தது. பரந்தூர், ஓசூர் என முதலீடு வடக்கில் குவியும்போது நடுமாவட்டங்களின் தேவை பின்னுக்குப் போய்விடக் கூடாது.

இப்பகுதியின் தேவைகள் தெளிவானவை: வளைகுடா ஒப்பந்தங்களில் திருச்சிக்கு இடம், நீண்ட ஓடுதளம், நெய்வேலியில் நிலையான சிறுவிமானச் சேவை, அரியலூர், பெரம்பலூரிலிருந்து விமான நேரத்துக்கு ஒத்த பேருந்துகள். இவற்றுள் கடைசியானதற்குப் பன்னாட்டு ஒப்பந்தமோ நிலமோ தேவையில்லை; மாநிலப் போக்குவரத்துக் கழகம் மனம் வைத்தாலே அது தொடங்கிவிடும்.