எலும்புக்கும் தமனிக்கும் ஒரே மாத்திரையா? வைட்டமின் கே பற்றிய சான்றுகள்: ஒரு மதிப்பீடு

எலும்புத் தேய்மானத்துக்கு விற்கப்படும் கால்சிய மாத்திரைகளின் அட்டையில் வைட்டமின் டி3-க்குப் பக்கத்தில் 'கே2-7' என்ற பெயரும் இப்போது இடம்பிடித்திருக்கிறது. அதற்குச் சொல்லப்படும் காரணம் கேட்கக் கச்சிதமானது: உண்ணும் கால்சியத்தை எலும்பில் சேர்ப்பதும், தமனிச் சுவரில் அது படியாமல் காப்பதும் இந்த ஒரே வைட்டமின்தான். ஆனால் இது ஒரு கதை அன்று, இரண்டு கதைகள். எலும்புக் கதை தொடக்கத்திலேயே தடுமாறுகிறது. தமனிக் கதை கடைசிக் கட்டம்வரை உறுதியாக வந்து அங்கே அறுந்துபோகிறது. இரண்டையும் ஒன்றாகக் கட்டி விற்பதால் இந்த வேறுபாடு கண்ணில் படுவதில்லை.

கொழுப்பு நீக்கிய தீவனம் தின்ற கோழிக்குஞ்சுகளுக்கு இரத்தக் கசிவு ஏற்படுவதை 1929-இல் கோபன்ஹேகனில் ஹென்ரிக் டாம் கவனித்தார். இரத்தத்தை உறையவைக்கும் அந்தப் பொருளுக்கு 1935-இல் வைட்டமின் கே எனப் பெயரிட்டார். எட்வர்ட் டாய்சியுடன் 1943-க்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். வைட்டமினின் வேதிப்பணி தெளிவானது 1974-இல்தான். சில புரதங்களில் உள்ள குளூட்டாமிக் அமிலத்தோடு இது ஒரு கார்பாக்சில் தொகுதியைச் சேர்க்கிறது. அதன் பிறகே அப்புரதங்களால் கால்சியத்தைப் பற்றிக்கொள்ள முடியும். உறைவுப் புரதங்களுக்கு அடுத்து எலும்பில் ஆஸ்டியோகால்சினும், இரத்தக்குழாய்ச் சுவரில் எம்.ஜி.பி. என்ற புரதமும் இதே வகையைச் சேர்ந்தவை என்று தெரியவந்தது. உணவில் வரும் வைட்டமினைக் கல்லீரல் முதலில் எடுத்துக்கொள்வதால், இரத்தம் ஒழுங்காக உறையும் ஒருவரிடம்கூட இவ்விரு புரதங்களில் ஒரு பகுதி செயலற்றே கிடக்கிறது. கூடுதல் வைட்டமின் வேண்டும் என்ற வாதத்தின் வேர் இது. வேர் பொய்யானது அல்ல.

எலும்பை முதலில் எடுத்துக்கொள்வோம். ஆஸ்டியோகால்சின் எலும்பைக் கட்டுகிறது என்றால், அது இல்லாத எலிக்கு எலும்பு மெலிய வேண்டும். 1996-இல் அந்த மரபணுவை நீக்கிய எலிகளில் எலும்பு உருவாக்கம் கூடியிருந்தது. 2020-இல் வெவ்வேறு ஆய்வகங்கள் புதிதாக உருவாக்கிய எலிகளிலோ எலும்பின் அளவில் மாற்றமே இல்லை. மாத்திரை எந்தப் புரதத்தைத் 'தூண்டுவதாக'ச் சொல்லப்படுகிறதோ, அந்தப் புரதம் இல்லாமலும் எலும்பு எலும்பாகவே இருக்கிறது.

அப்படியானால் இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் ஜப்பானிலிருந்து. அங்கே 1995 முதல் மெனாடெட்ரினோன் என்ற கே2 வகை, நாளொன்றுக்கு 45 மி.கி. அளவில் எலும்புப்புரை நோய்க்கு மருந்தாக வழங்கப்படுகிறது. பெண்களுக்குப் போதுமானதென அமெரிக்காவில் வகுக்கப்பட்ட 90 மைக்ரோகிராமைப்போல் இது 500 மடங்கு. இந்த அளவில் கொடுப்பது மருந்துதான், உணவுக் குறையை ஈடுசெய்வதாகாது. இதன் பயனைக் காட்டி மைக்ரோகிராம் மாத்திரையை நியாயப்படுத்துவது முறையல்ல.

அந்தப் பயனாவது உறுதியா? 2006-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, எலும்புமுறிவைப் பதிவுசெய்த ஏழு ஜப்பானியச் சோதனைகளைக் கூட்டி, இடுப்பெலும்பு முறிவு ஏறத்தாழ முக்கால் பங்கு குறைவதாகக் கணக்கிட்டது. எலும்பியல் மருந்து எதிலும் எளிதில் காணக்கிடைக்காத எண். சந்தேகம் அங்கேயே எழுந்திருக்க வேண்டும். அந்த எண் பெரும்பாலும் யோஷிஹிரோ சாட்டோ என்பவரின் சோதனைகளைச் சார்ந்து நின்றது. அவருடைய பல கட்டுரைகள் தரவு மோசடி காரணமாகப் பின்னாளில் திரும்பப் பெறப்பட்டன. இதற்கிடையே 2009-இல், 4,000-க்கும் மேற்பட்ட ஜப்பானியப் பெண்களை மூன்றாண்டுகள் பின்தொடர்ந்த பெரிய சோதனை, கால்சியத்தோடு இம்மருந்தையும் பெற்றவர்களுக்கும் கால்சியம் மட்டும் பெற்றவர்களுக்கும் முதுகெலும்பு முறிவில் மொத்தத்தில் வேறுபாடு இல்லை என்றது.

ஜப்பானுக்கு வெளியே நிலவரம் கலவையானது. கனடாவில் 440 பெண்களுக்கு, கீரை, காய்களில் வரும் கே1 வகையை நாள்தோறும் 5 மி.கி. கொடுத்தும் எலும்பு அடர்த்தி மாறவில்லை. முறிவுகள் குறைந்திருந்தன என்றாலும், அதைக் கண்டறியும் நோக்கில் வடிவமைத்த சோதனை அல்ல அது. அட்டையில் 'கே2-7' எனக் குறிக்கப்படும் எம்.கே.-7 வகையைப் பொறுத்தவரை, 2013-இல் நெதர்லாந்தில் 244 பெண்களிடம் மூன்றாண்டில் சிறு நன்மை தென்பட்டது. நார்வேயிலும் டென்மார்க்கிலும், அதைப்போல் இரண்டு மடங்கு அளவு கொடுத்துப் பார்த்த சோதனைகளில் எலும்பு அடர்த்திக்கு எந்த நன்மையும் கிடைக்கவில்லை.

தமனிக்கு வரும்போது காட்சி மாறுகிறது. எம்.ஜி.பி. மரபணு நீக்கப்பட்ட எலிகள், 1997-இல் வெளிவந்த ஆய்வின்படி, பிறந்து இரண்டு மாதங்களுக்குள் தமனிகள் சுண்ணாம்பாக இறுகி வெடித்து இறந்தன. வைட்டமின் கே-யின் செயலைத் தடுக்கும் வார்ஃபரின் கொடுத்த எலிகளிலும் தமனிகளில் கால்சியம் படிந்தது. இவ்வளவு தெளிவான உயிரியல் ஆதாரம் எத்தனை ஊட்டச்சத்துகளுக்கு இருக்கிறது? இதற்கு மேல் 2004-இல் ராட்டர்டாம் ஆய்வு வந்தது: 4,807 பேரில் கே2 அதிகம் உண்டவர்களிடம் இதயநோய் மரணம் பாதிக்கும் கீழே இருந்தது, கே1-க்கு அப்படி எந்தத் தொடர்பும் இல்லை. கே2 மாத்திரைச் சந்தைக்கு அடித்தளம் போட்ட ஆய்வுகளில் இது முக்கியமானது. ஆனால் 2021-இல், 53,000-க்கும் மேற்பட்ட டென்மார்க் மக்களிடம் செய்த ஆய்வில் கீரை, காய்களில் வரும் கே1-தான் கே2-ஐவிட வலுவான தொடர்பைக் காட்டியது. நெதர்லாந்தில் கே2 என்றால் பெரும்பகுதி பாலாடைக்கட்டி. கே1 என்றால் எங்கும் பச்சைக் காய்கறி. நாம் அளப்பது வைட்டமினையா, சாப்பாட்டுப் பழக்கத்தையா என்ற கேள்விக்கு இத்தகைய ஆய்வுகளால் விடை சொல்ல இயலாது.

விடை சொல்லக்கூடியது சமவாய்ப்புச் சோதனை. டென்மார்க்கில் இதயத்தின் மகாதமனி வால்வில் கால்சியம் படிந்த 365 ஆண்களுக்கு, ஒரு பாதிக்கு நாளொன்றுக்கு 720 மைக்ரோகிராம் எம்.கே.-7-உம் வைட்டமின் டி-யும், மறுபாதிக்கு வெற்று மாத்திரையும் இரண்டாண்டு கொடுத்தார்கள். 2022-இல் முடிவு வந்தது. மருந்து பெற்றவர்களின் இரத்தத்தில் செயலற்ற எம்.ஜி.பி. எதிர்பார்த்தபடியே இறங்கியது. வால்வில் படிவு, இரு பிரிவிலும் ஒன்றுபோல் ஏறியது. வைட்டமின் போய்ச் சேர்ந்தது, புரதம் விழித்தது, நோய் அசையவில்லை. இரத்தத்தில் ஒரு குறியீடு சரியாவதையே பயன் என்று காட்டும் விளம்பரங்களுக்கு இதைவிட நேரடியான மறுப்பு தேவையில்லை. எலியின் தமனி இறுகியது அப்புரதம் அறவே இல்லாததால். ஓரளவு இருக்கும் மனிதரிடம் மேலும் கூட்டினால், ஏற்கனவே தொடங்கிய கால்சியப் படிவு நின்றுவிடும் என்று அதிலிருந்து பெறப்படாது.

இந்த இலக்கியத்தில் ஒரு பழக்கம் திரும்பத் திரும்ப வருகிறது. 2009 ஜப்பான் சோதனையில் மொத்தத்தில் பயனில்லை. ஏற்கனவே ஐந்தோ அதற்கு மேலோ முறிவு உள்ளவர்களிடம் மட்டும் பயன். அதே ஆண்டு அமெரிக்காவில் 388 முதியவர்களுக்குக் கே1 கொடுத்ததில், தமனிப் படிவைத் தடுப்பதில் மொத்தத்தில் பயனில்லை. மாத்திரையை ஒழுங்காக விழுங்கியவர்களிடம் மட்டும் பயன். எல்லோரிடமும் தோற்ற மருந்து ஒரு சிறு பிரிவினரிடம் வென்றால், அதை அடுத்த சோதனைக்கான கேள்வி என்று கொள்ளலாம்; மருந்துச்சீட்டில் எழுதும் காரணமாகக் கொள்ளக் கூடாது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு எலும்புக்கும் இரத்த உறைவுக்கும் வைட்டமின் கே தேவை என்ற கூற்றை ஏற்று, இதயத்துக்கான கூற்றை ஏற்காமல் விட்டது. எலும்புக் கூற்றிலும் அது ஏற்றது இயல்பான எலும்புக்கு இவ்வைட்டமின் வேண்டும் என்பதையே. கூடுதலாகத் தின்றால் முறிவு குறையும் என்பதை அன்று.

வைட்டமின் கே-யைக் கொடுத்தே ஆகவேண்டிய இடம் ஒன்று உண்டு: பிறந்த குழந்தைக்குப் போடும் 1 மி.கி. ஊசி. அங்கே குறை உண்மை, ஆபத்து உண்மை, பயன் நிறுவப்பட்டது. முதியவர்களின் மாத்திரையில் இந்த மூன்றில் முதலாவது மட்டும் பாதியளவு உண்மை.

நச்சுத்தன்மை இல்லாததால் சாப்பிட்டுத்தான் பார்க்கட்டுமே என்பார்கள். ஆனால் வாத இதயநோயால் வால்வு மாற்றி, அசிட்ரோம் அல்லது வார்ஃபரின் என்ற உறைவுத் தடுப்பு மருந்து உண்டு வாழ்வோர் தமிழ்நாட்டில் ஏராளம். அவர்களுக்குக் கீரையை அறவே நிறுத்தச் சொல்வது தவறு. அளவு மாறாமல் உண்பதே சரி என்பது இன்றைய மருத்துவ அறிவுரை. ஆனால் எம்.கே.-7 இரத்தத்தில் நாள்கணக்கில் தங்குவது. சிறிய அளவே உறைவுத் தடுப்பு மருந்தின் வேலையைக் குலைக்கப் போதும். முழங்கால் வலிக்கென்று கடையில் வாங்கிய கால்சிய மாத்திரைக்குள் அது இருப்பது அவர்களுக்கும் தெரிவதில்லை, உறைவு நேரத்தைக் காட்டும் பி.டி.-ஐ.என்.ஆர். முடிவு ஏன் திடீரென இறங்கியது என்று பார்க்கும் மருத்துவருக்கும் தெரிவதில்லை. பயனுக்குச் சான்று வரும்வரை, அந்த அட்டையில் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டியது இந்த எச்சரிக்கையைத்தான்.