‘விசாட்றி’: ஒரு கணினி விளையாட்டின் மரண விதி

கணினி விளையாட்டொன்றினை வரலாற்றுக் கட்டுரைக்குப் பொருளாகக் கொள்வது சிலருக்கு நகைப்பைத் தரலாம். ஆயினும் சதுரங்கமும் கூத்தும் ஆராய்ச்சிக்குரியனவாயின், இதனை மட்டும் விலக்குதற்கு நியாயமில்லை.

யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்ட 1981ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் ‘விசாட்றி’ வெளிவந்தது. கோர்னெல் பல்கலைக்கழக மாணவர்களான அன்ட்ரூ கிறீன்பேர்க்கும் றொபேட் வூட்ஹெட்டும் அப்பிள் 2 கணினிக்கென இதனை ஆக்கினர். 1974இல் வெளிவந்த ‘டன்ஜியன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்னும் மேசை விளையாட்டே இதற்கு மூலமாகும். விளையாடுபவர் தனியொருவனையன்றி, வீரன், குரு, மந்திரவாதி, கள்வன் எனத் தொழில் வேறுபட்ட அறுவர் குழுவினை வழிநடத்துவார். பத்துத் தளங்கள் கொண்ட பாதாளத்தில் இறங்கி, வேட்னா என்னும் மாயாவி கவர்ந்த தாயத்தினை மீட்டல் வேண்டும். (அப்பெயர் அன்ட்ரூ என்பதன் தலைகீழ், அரசன் திரெபோரின் பெயர் றொபேட் என்பதன் தலைகீழ். மாணவர் குறும்பு எங்கும் ஒன்றுதான்!) ஒவ்வொரு தளமும் நானூறு கட்டங்களையுடையது. வரைபடம் தரப்படுவதில்லை, விளையாடுபவரே கட்டத்தாளில் வரைந்துகொள்ளல் வேண்டும்.

இவ்விளையாட்டின் பெருமை அதன் மரண விதியிலேயே தங்கியுள்ளதென்பது எமது கருத்தாகும். பிற்கால விளையாட்டுகளில் இறந்தவனைப் பழைய பதிவிலிருந்து எளிதில் மீட்டுவிடலாம். விசாட்றியிலோ மரணம் உடனே தட்டிற் பதிவாகும். உடலை நகருக்குக் கொணர்ந்து கோயிலிற் காணிக்கை செலுத்தின், குருமார் உயிர்ப்பிக்க முயல்வர். முயற்சி தவறின் உடல் சாம்பராகும். மீண்டும் தவறின் ‘இழக்கப்பட்டவன்’ என்றாகி என்றைக்குமாக நீங்குவான். குழு முழுவதும் மடிந்தாலும் உடல்கள் வீழ்ந்த கட்டத்திலேயே கிடக்கும். வேறொரு குழுவை அமைத்துச் சென்று அவற்றை மீட்கலாம். வரைபடத்தைச் செம்மையாக வரைந்தவனுக்கே அது கைகூடும்.

1990களில் மின்னிணைப்பின்றியும் பொருளாதாரத் தடையின்கீழும் கிடந்த வன்னியில் இத்தகைய விளையாட்டுகளுக்கு இடமேது? 2024இல் இது புதுப்பிக்கப்பட்டு வெளிவந்தது. இன்று வவுனியாப் பல்கலைக்கழகத்திற் கணினி பயிலும் மாணவன் இதனை முதன்முறையாக ஆடுவானாயின், ‘இழக்கப்பட்டவன்’ என்னுஞ் சொல்லினை அமெரிக்க மாணவன் வாசித்தவாறு அவன் வாசித்தல் அரிது. விளையாட்டையும் துயரையும் ஒருதட்டில் வைப்பது எமது நோக்கமன்று. எனினும் உயிரோடிருத்தலுக்கும் இறத்தலுக்கும் இடைப்பட்ட நிலையொன்றினை இலங்கைச் சட்டமும் வகுக்கவேண்டியிருந்தது. 2016இல் மரணச் சான்றிதழுக்கு மாற்றாகக் காணாமற்போனமைக்கான சான்றிதழ் ஏற்படுத்தப்பட்டமை ஈண்டு நோக்கற்பாலது. அடுத்த ஆண்டு பெப்ரவரி 20ஆந் திகதி கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில் உறவினர் தொடங்கிய போராட்டம், அவ்விடைநிலையை அவர்கள் ஏற்கவில்லை என்பதையே காட்டிற்று.

விளையாட்டில் உடல் கிடக்குங் கட்டத்தினைக் கணினி மறவாது வைத்திருக்கும். முல்லைத்தீவு மாவட்டத்துக் கொக்குத்தொடுவாயிலோ, 2023 யூனில் நீர்க்குழாய் பதிப்பதற்கு நிலத்தைத் தோண்டியவர்களே மனிதப் புதைகுழியைத் தற்செயலாகக் கண்டனர். 2024 யூலை வரையிலான அகழ்வில் 52 பேரது எச்சங்கள் எடுக்கப்பட்டன.