மேரி கோல்டா ரொஸ்: கணக்கு ரீச்சரில் இருந்து ரொக்கெட் வரை

விண்வெளி எண்டா எங்களுக்கு உடனே ஞாபகம் வாறது ஆம்ஸ்ட்ரோங்கும் நாசாவும்தான். ரொக்கெட்டுக்குப் பின்னால் இருந்து கணக்குப் போட்ட ஆட்களை நாங்கள் பெரிசாகத் தேடுவதில்லை. தேடினால் கிடைக்கும் பெயர்களில் ஒன்று மேரி கோல்டா ரொஸ். அமெரிக்கப் பூர்வகுடிப் பெண்களில் முதல் பொறியியலாளராக அறியப்படுபவர்.

1908இல் ஒக்லஹோமாவின் பார்க் ஹில்லில் பிறந்தார். செரோக்கி இனத்தவர். ஆனால் ஒக்லஹோமா செரோக்கிகளின் பூர்வீக மண் இல்லை. 1838-39இல் அமெரிக்க அரசு அவர்களைத் தென்கிழக்கு நிலங்களில் இருந்து துரத்தி அங்கே அனுப்பியது. 'கண்ணீர்ப் பாதை' எனப்படும் அந்தப் பயணத்தில் ஆயிரக்கணக்கானோர் செத்துப்போனார்கள். அப்போது செரோக்கிகளின் தலைவராக இருந்த ஜோன் ரொஸ், மேரியின் பாட்டனுக்குப் பாட்டன்.

எல்லாத்தையும் இழந்து வந்த சனம், 1851இலேயே பெண்பிள்ளைகளுக்கென்று உயர்கல்விக்கூடம் ஒன்றைத் திறந்தது. 1909இல் ஒக்லஹோமா மாநிலம் அதை வாங்கி ஆசிரியர் கல்லூரியாக்கியது. மேரி 1928இல் கணிதத்தில் பட்டம் எடுத்தது அந்தக் கல்லூரியில்தான். ஆகவே இதைத் தனி ஒருத்தியின் திறமைக் கதையாக மட்டும் வாசிக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

கிராமத்துப் பள்ளிக்கூடங்களில் ஒன்பது வருசம் படிப்பித்தார். 1942இல் லொக்ஹீட் விமானக் கம்பனியில் சேர்ந்து, பி-38 போர்விமானத்தின் வடிவமைப்புச் சிக்கல்களில் வேலை செய்தார். யுத்தம் முடிய, அங்கு வேலை செய்த பெண்கள் பலர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். மேரியைக் கம்பனி பொறியியல் படிக்க அனுப்பியது. பிறகு அதன் இரகசிய ஆய்வுப் பிரிவைத் தொடங்கிய 40 பொறியியலாளர்களில் ஒருவரானார். அஜீனா ரொக்கெட், ஏவுகணைகள், வெள்ளிக்கும் செவ்வாய்க்கும் போகும் பாதைகள் என்று 1973இல் ஓய்வு பெறும்வரை கணக்குப் போட்டார். ஓய்வுக்குப் பிறகு பூர்வகுடிப் பிள்ளைகளையும் பெண்களையும் பொறியியல் பக்கம் இழுக்கப் பாடுபட்டார்.

ஒன்றை மறைக்க ஏலாது. தன் முன்னோரைத் துரத்திய அரசுக்குத்தான் அவர் ஆயுதமும் வடிவமைத்தார். இதை நியாயப்படுத்தவும் எங்களால் முடியவில்லை, அவரைக் குற்றவாளி ஆக்கவும் முடியவில்லை.

2004இல், 96 வயதில், செரோக்கி உடை உடுத்தி, வொஷிங்டனில் அமெரிக்கப் பூர்வகுடிகள் அருங்காட்சியகத்தின் திறப்புவிழாவுக்குப் போனார். 2008இல் காலமானார். 2019இல் வந்த ஒரு டொலர் நாணயத்தில் அவர் குனிந்து கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறார். அதே நாட்டின் 20 டொலர் தாளில் இருப்பது அன்ட்ரூ ஜக்சன். 1830இல் பூர்வகுடிகளை அகற்றும் சட்டத்தில் கையெழுத்து வைத்த ஜனாதிபதி.

இரண்டும் இன்றைக்கும் ஒரே பொக்கெற்றில்தான் கிடக்குது.