பார்க்கலாம், நகல் கிடையாது!

மன்னன் வாளைக் காட்டி ஆண்டான். அவனை வீழ்த்தி வந்த வெள்ளைத் துரையோ, காகிதத்தைக் காட்டாமல் ஆண்டான்! வாளைக் கண்டவன் அஞ்சினான். சில வேளை எதிர்த்தும் நின்றான். கண்ணுக்கே தெரியாத காகிதத்தை எதிர்த்து நிற்பது எப்படி? "தஸ்தாவேஜில் அப்படித்தான் இருக்கிறது" என்பான் கச்சேரிக் குமாஸ்தா. காணி போய்விடும், கூலி குறைந்துவிடும், கும்பிடு போட்டுத் திரும்புவான் குடியானவன். அந்தத் தஸ்தாவேஜு எங்கே, எழுதியவன் யார், எழுதியது மெய்தானா என்று கேட்க நா எழாது. எழுந்தால், அடக்குவதற்குச் சட்டம் இருந்தது.

1889-ல் வந்தது அரசாங்க இரகசியச் சட்டம். 1904-ல் கர்சன் பிரபு அதன் கயிற்றை மேலும் இறுக்கினார். தரைப்படை, கடற்படை இரகசியங்களுக்கென்று பிறந்த சட்டம், சிவில் நிர்வாக விவகாரங்களையும் சேர்த்துக் கட்டும் அளவுக்கு நீண்டது. கோகலே போன்ற மிதவாதியே சட்டசபையில் எழுந்து நின்று கண்டிக்க வேண்டி வந்தது என்றால் அதன் கடுமை விளங்கும். 1923-ல் அது முழு உருப்பெற்றது. 1947-ல் கொடி மாறிற்று, கோட்டையில் குடியேறியவர்கள் மாறினர்; அந்த 1923-ஆம் ஆண்டுச் சட்டம் மட்டும் அசையவில்லை. இன்றும் சட்டப் புத்தகத்தில் அது இருக்கிறது.

நீதிமன்றம் வாளாவிருந்தது என்று சொல்வதற்கில்லை. 1975-ல் ராஜ் நாராயண் வழக்கில் நீதிபதி மேத்யூ தெளிவாகவே கூறினார்: பொறுப்பாட்சி நடக்கும் நாட்டில் இரகசியங்கள் சிலவே இருக்க இயலும், தம் ஊழியர் பொதுவில் செய்யும் ஒவ்வொரு செயலையும் அறிய மக்களுக்கு உரிமை உண்டு என்று. சீரிய தீர்ப்பு. ஆயினும் தீர்ப்புத் தொகுதிகள் வழக்கறிஞர் வீட்டு அலமாரியில் இருப்பவை; கல் உடைப்பவன் கைக்கு அவை எட்டுவதில்லை. அந்தக் கல் உடைப்பவன் தானே எழுந்து கேட்ட கதையைத்தான் நாம் இங்கு கூற விரும்புகிறோம்.

இராசஸ்தான். ஆரவல்லி மலைச்சரிவு. மழை பொய்க்கும் பூமி. மழை பொய்த்தால் சர்க்கார் பஞ்ச நிவாரண வேலை தொடங்கும்: குளம் வெட்டு, சாலை போடு, கரை கட்டு என்று. நாள் முழுதும் வெயிலில் வெந்த பெண்ணுக்கு, சட்டம் குறித்த குறைந்தபட்சக் கூலி கிடைப்பதில்லை. கேட்டால், "அளந்து பார்த்தோம், நீ செய்த வேலை அவ்வளவுதான், ஏட்டில் இருக்கிறது" என்று விடை வரும். "அந்த ஏட்டைக் காட்டுங்கள்" என்றாலோ, "அது சர்க்கார் இரகசியம்!" எனப்படும். தோழர்களே, இதைச் சற்று எண்ணிப் பாருங்கள். பீரங்கி எங்கே நிறுத்தப்பட்டிருக்கிறது என்று அந்தப் பெண் கேட்கவில்லை. எல்லைப் படையின் திட்டத்தைக் கேட்கவில்லை. தன் பெயருக்கு எதிரே எத்தனை நாள், எத்தனை ரூபாய் எழுதியிருக்கிறது என்று கேட்டாள். அது இரகசியமாம்!

1990-ஆம் ஆண்டு மே முதல் நாள், பீம் என்ற ஊரில், 'மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன்' என்ற பெயரில் உழைப்போரும் உழவரும் ஓர் அமைப்புக் கண்டனர். முன்னின்றவர்களுள் ஒருவர் அருணா ராய். சென்னையில் பிறந்தவர், இந்திய ஆட்சிப் பணியில் அமர்ந்து 1975-ல் அதனை உதறிவிட்டு வெளியேறியவர். உடன் நின்றவர்கள் நிகில் தே, சங்கர் சிங். முதலில் அவர்கள் கேட்டது கூலி. கூலிக்கான போராட்டம் ஒவ்வொரு முறையும் போய் முட்டிக்கொண்ட சுவர், அந்த ஏடு. ஏட்டைத் திறக்காமல் கூலி இல்லை என்ற உண்மையை எந்த அரசியல் நூலும் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை; காய்ந்த வயிறு கற்பித்தது.

1994 டிசம்பர் 2. பாலி மாவட்டம், கோட் கிரானா. ஊர் நடுவே மக்கள் கூடினர். எப்படியோ பெற்ற ஏட்டுக் குறிப்புகளை ஒருவர் உரக்கப் படித்தார். மஸ்டர் ரோல் எனும் கூலிப் பட்டியலில் உள்ள பெயர்கள் ஒவ்வொன்றாக ஒலித்தன. இன்னார் இத்தனை நாள் வேலை செய்தார், இவ்வளவு பெற்றார் என்று ஏடு சொல்ல, பெயருக்குரியவர்களே கூட்டத்தில் இருந்து, "நான் அந்தப் பக்கமே போகவில்லையே!" என்றனர். பிழைப்புத் தேடி வேற்றூர் போனவன் பெயரும் வேலை செய்தவன் வரிசையில் இருந்தது! பட்வாரிக்கென்று கட்டிய கட்டடம் முற்றுப்பெற்றது எனச் சான்று இருந்தது. கூரையில்லை, கதவில்லை, சன்னலில்லை. எழுத்தறியாத மக்கள்தாம். ஆனால் தம் ஊர்க் கட்டடத்திற்குக் கூரை உண்டா இல்லையா என்று அறிய எழுத்து எதற்கு? படித்துக் காட்ட ஒருவர் போதும். தீர்ப்புக்கு ஊர் இருக்கிறது.

இத்தகைய கூட்டங்கள் தொடர்ந்ததும் கலக்கம் யாருக்கு வந்தது தெரியுமா? கிராம ஊழியர்களுக்கு. சர்க்கார் தணிக்கையாளருக்கு வேண்டுமானால் கணக்குக் காட்டுவோம், ஊராருக்குக் காட்டமாட்டோம் என்று வேலைநிறுத்தமே செய்தனர். அப்படியானால் பணம் யாருடையது? "எங்கள் பணம், எங்கள் கணக்கு" என்பதே அந்த மக்கள் எழுப்பிய முழக்கம். கடைக்குப் பத்து ரூபாய் கொடுத்து மகனை அனுப்பினால் திரும்பி வந்ததும் கணக்குக் கேட்கிறேனே, என் பெயரால் கோடி கோடியாய்ச் செலவழிப்பவரிடம் கேட்கக்கூடாதா என்று ஒரு சிற்றூர்ப் பெண் தலைநகரத்துப் பத்திரிகையாளர் முன் வினவினார். அரசியல் தத்துவம் கற்ற பேராசிரியரும் இதனினும் சுருக்கமாகச் சொல்வாரா என்பது ஐயமே.

1995 ஏப்ரலில் அன்றைய முதலமைச்சர் பைரோன் சிங் செகாவத் சட்டமன்றத்தில் வாக்களித்தார்: ஊர்ப்பணிகளின் செலவு ஏடுகளை மக்கள் பார்க்கலாம், நகலும் பெறலாம் என்று. கைதட்டல் கிடைத்தது. ஆணை கிடைக்கவில்லை. ஓராண்டு பொறுத்தனர். 1996 ஏப்ரல் 6-ல் பியாவர் நகரச் சாங் கேட் அருகே வந்து அமர்ந்தனர். அமர்ந்த முதல் நாளே ஓர் ஆணையும் வந்தது! மக்கள் பயந்து எழுந்து போவார்கள் என்று எண்ணாமல், மகிழ்ந்து எழுந்து போவார்கள் என்று எண்ணிய ஆணை அது. கட்டணம் செலுத்தி ஏட்டைப் பார்க்கலாம் என்றது. நகல்? அது மட்டும் கிடையாது!

அந்த மக்கள் எழவில்லை. ஏன் எழவில்லை என்பதில்தான் இந்த வரலாற்றின் உயிர் இருக்கிறது. பார்க்கும் உரிமை, பாதி உரிமைகூட அன்று. பார்த்துவிட்டு வெளியே வந்து "இப்படி எழுதியிருக்கிறது" என்றால், "இல்லை" என்பார் அதிகாரி. யார் சொல் எடுபடும்? இன்று பார்த்த பக்கம் நாளை மாறியிருந்தால் யாரிடம் முறையிடுவது? எழுத்தறியாதவள் பார்த்து என்ன காண்பாள்? நகல் கையில் இருந்தால், ஊர் நடுவே படிக்கலாம். வழக்கு மன்றத்தில் நீட்டலாம். நாலு பேரிடம் காட்டி நியாயம் கேட்கலாம். காகிதத்தால் ஆண்டவனைக் காகிதத்தாலேயே மடக்கலாம். 'நகல்' என்ற சொல் அவர்கள் கச்சேரிக்கும் நம் தாலுகா கச்சேரிக்கும் பொதுவான சொல். அதை வாங்கப் படும் பாடும் பொதுவானதுதான்!

40 நாள் அமர்ந்தனர். சிற்றூர்களிலிருந்து தானியம் வந்தது. பியாவர்க் காய்கறிக் கடைக்காரர்கள் காய் கொடுத்தனர். குழு அமைக்கிறோம் என்றது சர்க்கார். குழு என்றால் என்னவென்று நாம் அறிவோம். காலத்தைக் கடத்தக் கண்டுபிடித்த கருவி அது. 1997-ல் மீண்டும் செய்ப்பூரில் அமர வேண்டியதாயிற்று, இம்முறை 53 நாள். அதன் முடிவில் துணை முதலமைச்சர் ஒரு செய்தி சொன்னார். கேட்டவர்கள் திகைத்தனர். ஊராட்சி ஏடுகளின் நகல் பெறும் உரிமை ஆறு மாதத்திற்கு முன்பே அரசிதழில் வெளியாகிவிட்டதாம்! பேச்சு நடந்த அத்தனை நாளும் ஒருவர்கூட அதை வாய்விட்டுக் கூறவில்லை. தகவல் பெறும் உரிமையைத் தந்த ஆணையே தகவலின்றிப் பெட்டிக்குள் கிடந்தது. கதாசிரியன் இப்படி எழுதினால் மிகைப்படுத்துகிறான் என்போம். கச்சேரி இதைச் செய்தே காட்டியது.

இதே 1997-ல் இன்னொரு நிகழ்ச்சி. மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது தமிழ்நாடு சட்டமன்றம் தகவல் உரிமைச் சட்டம் ஒன்றை நிறைவேற்றிற்று. இந்தியாவிலேயே இப்படிச் சட்டம் செய்த முதல் மாநிலம் தமிழ்நாடுதான். பெருமைப்பட வேண்டிய செய்தி, பெருமைப்படுகிறோம். பெருமை கண்ணை மறைக்கவேண்டுமென்பதில்லை. அந்தச் சட்டத்தில் எவை தரப்படமாட்டா என்ற பட்டியல் இருபதைத் தாண்டி நீண்டது. மறுக்கப்பட்டவன் முறையிடத் தனித்தகவல் ஆணையம் எதையும் அது அமைக்கவில்லை. மக்கள் அமர்ந்து, பசித்து, வாதாடிப் பெற்ற சட்டமன்று. மேலிருந்து அருளப்பட்ட சட்டம். ஆதலால் பெரும்பாலோர் அதைக் கேட்டுப் பயன்படுத்தவுமில்லை.

இங்கே பழம்பெருமை பேசுவோர் குறுக்கிட்டு, உத்தரமேரூர்க் கல்வெட்டைக் காட்டுவர். பத்தாம் நூற்றாண்டிலேயே, கணக்குக் காட்டாத வாரியத்தானும் அவன் உறவினரும் குடவோலைக்குத் தகுதியற்றவர் என்று கல்லில் வெட்டினார்களே என்பர். உண்மைதான். அதே கல்லில், நிலமும் வேதப் படிப்பும் உடையவனுக்கே தகுதி என்றும் வெட்டியிருக்கிறதே! உழுதவன் அங்கே கணக்குக் கேட்டதாகக் கல்வெட்டு கூறவில்லை.

மற்ற மாநிலங்களில் சட்டங்கள் வரிசையாய் வந்தன. கோவா 1997, இராசஸ்தானும் கர்நாடகமும் 2000, டெல்லி 2001. நாடாளுமன்றம் 2002-ல் ஒரு சட்டம் இயற்றி, நடைமுறைக்கே கொண்டு வராமல் விட்டுவிட்டது. பிறகு 2005 அக்டோபர் 12-ல் இன்றைய தகவல் அறியும் உரிமைச் சட்டம் முழுமையாய் நடைமுறைக்கு வந்தது. பத்து ரூபாய் கட்டணம், வறுமைக்கோட்டிற்குக் கீழ் உள்ளோர்க்கு அதுவுமில்லை. முப்பது நாளில் விடை. காரணமின்றிக் காலம் கடத்தும் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை தண்டம். பார்க்கவும், குறிப்பெடுக்கவும், நகல் பெறவும் உரிமை என்று சட்டத்திலேயே எழுதப்பட்டது. பியாவரில் மறுக்கப்பட்ட அந்த நகல்! முரண்பாடு நேரின் 1923-ஆம் ஆண்டு இரகசியச் சட்டத்தினும் இதுவே மேலோங்கி நிற்கும் என்றும் எழுதினார்கள்.

உளவு, பாதுகாப்பு நிறுவனங்களுக்கு மட்டும் விலக்களிக்க மாநில அரசுகளுக்கு ஒரு சிறு வாயில் வைத்தார்கள். 2008-ல் அந்த வாயில் வழியே தமிழ்நாட்டில் நுழைந்தது எது? இலஞ்ச ஒழிப்புத் துறை! முதற்சட்டம் தந்த அதே முதலமைச்சரின் ஆட்சியில் இது நிகழ்ந்தது என்பதற்காக நாம் குரலைத் தாழ்த்த வேண்டியதில்லை. ஊழல் பற்றிய தகவலுக்கு விலக்குப் பொருந்தாது என்று அதே பிரிவே கூறுகிறது. அப்படியிருக்க, ஊழலை விசாரிக்கும் துறையை உளவுத்துறையோடு சேர்த்துப் பூட்டியது எவ்வகை நியாயம்?

பின்னர் டெல்லியிலிருந்தும் வந்தன பூட்டுகள். 2019-ல் தகவல் ஆணையர்களின் பதவிக்காலத்தையும் ஊதியத்தையும் தானே வரையறுக்கும் அதிகாரத்தை மத்திய அரசு எடுத்துக்கொண்டது. 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென ஒரு சட்டம் செய்து, அதன் 44-ஆம் பிரிவால் தகவல் சட்டத்தின் 8-ஆம் பிரிவைத் திருத்திற்று. பொதுப்பணியோடு தொடர்பற்ற தனிவாழ்வுச் செய்தியைத்தான் மறுக்கலாம், அதையும் பொதுநலன் வேண்டினால் தரவேண்டும் என்றிருந்த வாசகம் போய், தனிநபர் பற்றியது என்றாலே மறுக்கலாம் என்றாயிற்று. 2025 நவம்பரில் அத்திருத்தம் நடைமுறைக்கு வந்துவிட்டது. பொதுநலன் கருதித் தரலாம் என்ற வேறொரு உட்பிரிவு இன்னும் இருக்கிறது என்பர்; அதை எடைபோடும் தராசு, மறுப்பவர் கையிலேயே இருக்கிறது.

கோட் கிரானாவில் அன்று உரக்கப் படித்தது என்ன? பெயர்கள். யார் வேலை செய்ததாக எழுதப்பட்டது, யார் பெயரில் கூலி வழங்கப்பட்டது என்ற பட்டியல். அதில் ஒவ்வொரு வரியும் ஒரு தனிநபரைப் பற்றியதுதான்.