மோர்பாத்

மோர்பாத், இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில், சாமர்செட் எல்லையை ஒட்டி, எக்ஸ்மூர் மேட்டுநிலத்தின் தென்விளிம்பில் உள்ள சிறிய கிராமப் பங்கு. இதன் கோயில் புனித ஜார்ஜின் பெயரால் அமைந்தது. 16-ஆம் நூற்றாண்டில் இங்கே வாழ்ந்தவை 33 குடும்பங்களே. ஆடு வளர்ப்பே பெரும்பாலோரின் பிழைப்பு.

இந்தச் சிற்றூரின் வரலாறு தெரியவந்ததற்கு ஒரே காரணம், பங்குக் குரு கிறிஸ்டோபர் டிரிக்கி. 1520-இல் பொறுப்பேற்ற அவர், 1574-இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். கோயிலின் வரவு செலவை எழுதிவந்தார். அது ஊர்மக்கள் முன் உரக்கப் படித்துக் காட்டப்பட்ட கணக்கு. அதனால் யார் கொடுத்தார், யார் தரவில்லை என்ற ஊர்ப்பேச்சும் அதில் ஏறிவிட்டது.

கோயிலின் ஒவ்வொரு புனிதருக்கும் தனி நிதி, தனிப் பொறுப்பாளர், சில ஆடுகள் இருந்தன. குடும்பங்கள் அந்த ஆடுகளைத் தம் மந்தையோடு சேர்த்து மேய்த்தன. கம்பளி விற்ற காசில் புனிதரின் விளக்கு எரிந்தது. கோயிலுக்காகப் பீர் காய்ச்சி விற்கும் விருந்துகளே பெரிய வருமானம். பெண்களும் பொறுப்பு வகித்தனர். 1548-இல் லூசி சீலி என்பவர் தலைமைப் பொறுப்பில் இருந்தார். 1534-இல் திருடன் புகுந்து வெள்ளிக் கிண்ணத்தையும் புனித சிட்வெல் சிலையின் வெள்ளிக் காலணியையும் கொண்டுபோனபோது, ஊர் இளைஞரும் கன்னிப்பெண்களும் தாங்களே பணம் திரட்டிப் புதுக் கிண்ணம் வாங்கிக் கொடுத்தனர்.

அரசர் எட்டாம் ஹென்றி தொடங்கிய சமயச் சீர்திருத்தங்கள் இந்த அமைப்பை வேரோடு பிடுங்கின. முதலில் விளக்குகள் அணைந்தன. ஆறாம் எட்வர்டின் ஆட்சியில் சிலைகள் அகற்றப்பட்டன, நிதிகள் கலைந்தன, விருந்துகள் நின்றன. இறந்தோருக்கான பூசைக்கென ஒரு கறுப்பு உடைத் தொகுதி வாங்க டிரிக்கி சுமார் 20 ஆண்டுகள் காசு சேர்த்தார். அது கைக்கு வந்தது 1547-இல். அந்தப் பூசையே விரைவில் தடைசெய்யப்பட்டது. மோர்பாத் இழந்ததன் அளவை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் பதிவு அக்கணக்கில் இல்லை.

1549-இல் ஆங்கில வழிபாட்டு நூல் கட்டாயமானதும் டெவனும் கார்ன்வாலும் கிளர்ந்தெழுந்தன. எக்சிட்டர் நகருக்கு வெளியே, புனித டேவிட் குன்றில் கூடிய கலகக்காரர்களிடம் மோர்பாத் 5 இளைஞர்களை அனுப்பியது. அவர்களுக்கான ஆயுதச் செலவைக் கோயிலே ஏற்றது. குரு அதையும் கணக்கில் எழுதினார். ஆகஸ்டில் கலகம் நசுக்கப்பட்டது, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

1553-இல் மேரி அரசியாகிப் பழைய வழிபாடு திரும்பியதும், வீடுகளில் ஒளித்துவைத்த கோயில் பொருள்களை மக்கள் கோயிலுக்குத் திருப்பித் தந்தனர். எலிசபெத்தின் ஆட்சியில் எல்லாம் மறுபடி மாறியது. டிரிக்கி ஒவ்வொரு மாற்றத்துக்கும் இணங்கி ஊரிலேயே தங்கினார். அதைக் கோழைத்தனம் என்று தள்ளிவிட முடியாது. தம் மக்களை விட்டுப் போக அவருக்கு மனம் வரவில்லை என்றே அந்தக் கணக்கு காட்டுகிறது.

கணக்கேடு 1904-இல் அச்சானது. அதைக் கொண்டு வரலாற்றாசிரியர் ஏமன் டஃபி 2001-இல் எழுதிய 'மோர்பாத்தின் குரல்கள்', சீர்திருத்தக் காலத்தை எளிய மக்களின் பக்கமிருந்து பார்க்க வழிசெய்த நூல். கோயில் 19-ஆம் நூற்றாண்டில் கட்டடக் கலைஞர் வில்லியம் பட்டர்ஃபீல்டால் பெரிதும் புதுப்பிக்கப்பட்டது. டிரிக்கி காலத்துப் பொருள்கள் அங்கே அநேகமாக எதுவும் மிஞ்சவில்லை.